காலின் அளவும் அன்பின் அளவும்



தைத் திங்களின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து, திருவுடைகளைக் களைந்துவிட்டுப் பங்கு இல்லத்தின் திண்ணைக்கு வந்தேன். நம் பெருநகர்ப் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் அங்கே காத்துக்கொண்டிருந்தார். கையில் கனமான துணிப்பை ஒன்று. வழக்கமாகச் சிரித்த முகத்துடன் தோத்திரம் சொல்லும் அவர், அன்று பையை என் காலடியில் வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார்.

"சாமி, இது எங்க வீட்டுக்கு வேணாம். நீங்க ஆசையா வாங்கிக் கொடுத்தது. ஆனா எங்க பொண்ணுக்கு இது சரிப்படாது. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்னு அப்பவே எங்க மாமியார் சொன்னாங்க. நான்தான் கேக்கல."

பைக்குள் இருந்தது ஒரு சோடி ஸ்கேட் காலணி. நான்கு சக்கரங்கள் ஒரே வரிசையில் பொருத்தப்பட்ட, 'இன்லைன் ஸ்கேட்' என்று கடைகளில் அழைக்கப்படும் சறுக்குக் காலணி. அதை வாங்கி வந்தவன் நானே. அன்று அந்தத் தாய் திருப்பித் தந்த பை எனக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது. அதை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன். 2025 செப்டம்பரில் சீன நாட்டின் பெய்டைஹே நகரில் உலக வேகச் சறுக்குப் போட்டிகள் நடைபெற்றன. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் என்ற 22 வயது இளைஞர், 1000 மீட்டர் பந்தயத்தை 1 நிமிடம் 24.924 நொடிகளில் கடந்து தங்கம் வென்றார். மூத்தோர் பிரிவில் இந்தியர் ஒருவர் இவ்விளையாட்டில் உலக வாகை சூடியது அதுவே முதன்முறை. அதே போட்டிகளில் 500 மீட்டரில் வெண்கலமும், 42 கிலோமீட்டர் நெடுந்தொலைவுப் பந்தயத்தில் மற்றொரு தங்கமும் அவருக்குக் கிடைத்தன. அதற்கு முன்னரே, 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 3000 மீட்டர் தொடர் பந்தயத்தில் நம் நாட்டுப் பெண்கள் அணி வெண்கலம் பெற்றிருந்தது. அவ்வணியில் தமிழ்நாட்டுப் பெண்களான ஆரத்தி கஸ்தூரி ராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன் ஆகிய இருவர் இருந்தனர் என்பது நாம் பெருமையோடு நினைக்கவேண்டிய செய்தி.

இச்செய்திகளைப் படத்தோடு நாளிதழில் பார்த்தாள், நம் பங்கில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி. பார்த்த நாள் முதல் அவளுக்கு வேறு நினைவில்லை. மறைக்கல்வி வகுப்பில் குறிப்பேட்டின் ஓரத்திலும் சக்கரக் காலணியையே வரைந்து வைத்திருந்தாள். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் முறைப்பணி செய்யும் அவள் தந்தை, மகளின் ஆசையை நிறைவேற்ற மாதந்தோறும் சிறிது பணம் சேர்த்தார். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் நான் சென்னை செல்வதை அறிந்து, அந்தப் பணத்தை என்னிடம் கொடுத்தார். "சாமி, நல்லதா ஒண்ணு பார்த்து வாங்கி வாங்க" என்றார்.

நான் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளையின் கால் அளவு என்ன?" என்பது. எனக்குத் தெரியாது. பதினோரு வயது என்றேன். அவர் ஓர் அளவை எடுத்துக் காட்டினார். அப்போதுதான் நம்மவர் அனைவருக்கும் வழக்கமான அந்த எண்ணம் எனக்கும் எழுந்தது. 'வளரும் பிள்ளையாயிற்றே, இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் இரண்டு மூன்று ஆண்டுக்கு உழைக்குமே!' பள்ளிச் சீருடையை முழங்காலுக்குக் கீழே மடித்துத் தைத்து, ஆண்டுதோறும் ஒரு மடிப்பைப் பிரித்துவிடும் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். சிக்கனம் என் இரத்தத்தில் ஊறியது. "தலைக்கவசம், முழங்கால் கவசம், மணிக்கட்டுக் கவசம் வேண்டாமா?" என்று கடைக்காரர் மீண்டும் கேட்டார். "முதலில் பழகட்டும், பிறகு பார்க்கலாம்" என்றேன். மிச்சப்பட்ட பணத்தைத் தந்தையிடம் திருப்பிக் கொடுத்தபோது, நான் ஏதோ பெரிய நன்மை செய்துவிட்டதாகவே எண்ணினேன்.

சிறுமியின் காலுக்கு அந்தக் காலணி ஒன்றரைச் சென்டிமீட்டர் பெரிது. முன்பக்கத்தில் பழந்துணியைத் திணித்துக்கொண்டு, கோவில் முற்றத்துச் சிமெண்டுத் தளத்தில் பழகத் தொடங்கினாள். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவள் நிற்க முயன்ற ஒவ்வொரு முறையும் கணுக்கால் உட்புறமாகச் சாய்ந்தது. மூன்றாம் நாள் மாலை கால் மடங்கி விழுந்தாள். கணுக்காலில் சுளுக்கு, உள்ளங்கையில் ஆழமான சிராய்ப்பு. மூன்று வாரம் ஓய்வு வேண்டும் என்றார் மருத்துவர். காலணி பரணுக்குப் போயிற்று. பிறகு பரணிலிருந்து இறங்கி, அந்த ஞாயிற்றுக்கிழமை என் திண்ணைக்கு வந்து சேர்ந்தது.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். சிறுமி காலை நீட்டி அமர்ந்திருந்தாள். "வலிக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். சிறிது நேரம் கழித்து, "எனக்கு வரல சாமி. நான் எவ்வளவோ முயற்சி பண்ணேன். எனக்குத்தான் வரல" என்று சொல்லி அழுதாள்.

கணுக்கால் வலியைவிட அந்தச் சொல்லே அவளை வாட்டியது என்பதை உணர்ந்தேன். தவறு காலணியில் இருந்தது. காலணியைத் தேர்ந்தவன் நான். பழியையோ ஒரு குழந்தை தன்மீது சுமந்துகொண்டிருந்தது.

சாமுவேல் முதல் நூலின் 17-ஆம் அதிகாரத்தை நீங்கள் அறிவீர்கள். கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட சிறுவன் தாவீதுக்குச் சவுல் அரசர் தம் கவசங்களையே அணிவித்தார். சவுலின் எண்ணத்தில் குறையில்லை. தம்மிடம் இருந்த சிறந்ததையே கொடுத்தார். எனினும் அதை அணிந்து தாவீதால் நடக்க இயலவில்லை. நல்ல வேளையாகத் தாவீது அதைக் கழற்றிவிட்டான். கழற்றாமல் போயிருந்தால், விழுந்த பின்பு மக்கள் கவசத்தைக் குறை சொல்லியிருப்பார்களா? சிறுவனுக்குத் திறமையில்லை என்றே சொல்லியிருப்பார்கள். அன்று நான் அந்தச் சிறுமியின் முன்பும், அவள் தாய் தந்தையர் முன்பும், "உன் மேல் தவறில்லை அம்மா, அளவு தெரியாமல் வாங்கியது என் தவறு" என்று வெளிப்படையாகச் சொன்னேன். ஒப்புரவுத் தொட்டியில் பிறர் சொல்லக் கேட்டுப் பழகிய எனக்கு, நானே சொல்வது சற்றுக் கடினமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் முகம் தெளிந்ததைக் கண்டபோது, சொன்னது நன்றெனத் தோன்றிற்று.

அதன்பின் இவ்விளையாட்டை அறிந்தோரிடம் கேட்டும், படித்தும் சிலவற்றைக் கற்றுக்கொண்டேன். நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதிருக்க அவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் இதன் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் உறைந்த நீர்மேல் சறுக்குவது பழங்கால வழக்கம். அதைப் பனியில்லா நிலத்திலும் செய்ய விரும்பியோர் காலணியில் சக்கரம் பொருத்தினர். பெல்ஜிய நாட்டில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஜான் ஜோசப் மெர்லின் என்ற கைவினைஞர், 18-ஆம் நூற்றாண்டில் அத்தகைய காலணியோடு ஒரு விருந்துக்குச் சென்றாராம். வயலின் வாசித்தபடியே சறுக்கி வந்தவர், நிற்கவும் திரும்பவும் வழியின்றி விலையுயர்ந்த நிலைக்கண்ணாடி ஒன்றில் மோதி, அதையும் வயலினையும் உடைத்துத் தாமும் காயமுற்றார் என்று ஒரு கதை உண்டு. 1863-இல் அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்டன், முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாகச் சக்கரம் வைத்து, உடலைச் சாய்த்தாலே திரும்பக்கூடிய காலணியை உருவாக்கினார். ஒரே வரிசைச் சக்கரங்கள் 1980-க்குப் பிறகே உலகெங்கும் பரவின. மின்னியாபொலிஸ் நகரின் ஸ்காட் ஓல்சன் என்ற பனி ஹாக்கி வீரர், கோடைக்காலத்திலும் பயிற்சி செய்வதற்காக அதைச் சீர்ப்படுத்தி விற்கத் தொடங்கினார்.

இது நமக்கு அந்நியமான விளையாட்டன்றோ எனச் சிலர் கேட்பர். நுங்கு தின்றபின் கோந்தைகளைக் குச்சியில் கோத்து வண்டி ஓட்டாத பிள்ளை நம் ஊர்களில் உண்டா? பழைய பேரிங்குகளைப் பலகையில் பொருத்தி, சரிவில் உட்கார்ந்து உருண்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! சக்கரத்தின்மேல் குழந்தைக்குள்ள ஆசை எந்நாட்டுக்கும் பொதுவானது.

உடற்பயிற்சி என்ற வகையில் இதன் பயன் பெரிது. நடையிலும் ஓட்டத்திலும் காலை முன்னும் பின்னுமாக வீசுகிறோம். சறுக்கிலோ காலைப் பக்கவாட்டில் தள்ளுகிறோம். ஆதலால் இடுப்பின் பக்கத் தசைகளும், தொடையின் உள்ளும் புறமும் உள்ள தசைகளும் வலுப்பெறுகின்றன. முழங்காலை மடக்கிய நிலையிலேயே இருப்பதால் தொடையும் முதுகும் உழைக்கின்றன. இதயமும் நுரையீரலும் ஓட்டத்தில் போலவே வேலை செய்கின்றன. எனினும் ஓடும்போது பாதம் ஒவ்வோர் அடியிலும் தரையில் மோதுகிறது. சறுக்கும்போது வழுக்கிச் செல்வதால் மூட்டுகளுக்கு அதிர்ச்சி குறைவு. இவற்றுக்கெல்லாம் மேலாக, உடலின் சமநிலை கைவருகிறது.

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்கு உழைக்கும்படி இயங்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே மாலைப்பொழுதைக் கழிக்கும் நம் பிள்ளைகளுக்கு அறுபது நிமிடம் எங்கிருந்து கிடைக்கும்? "ஓடு, ஆடு" என்று அதட்டினால் பத்து நிமிடம் ஓடுவார்கள். மகிழ்ச்சி தரும் விளையாட்டென்றால், விளக்கேற்றும் நேரம் வந்து நாம் அழைத்தாலும் வரமாட்டார்கள். மகிழ்வே பயிற்சியைத் தொடரச் செய்கிறது. புனித ஜான் போஸ்கோ சிறுவனாயிருந்தபோது கழைக்கூத்தாடிகளின் வித்தைகளைக் கற்று, கயிற்றின்மேல் நடந்து காட்டிப் பிள்ளைகளைச் செபமாலைக்குக் கூட்டிச் சேர்த்தார். விளையாட்டைப் பக்திக்குப் பகையாக அவர் ஒருநாளும் கருதியதில்லை.

இனி, காலணியைத் தேர்ந்தெடுக்கும் முறை. கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. மாலை வேளையில், பகலெல்லாம் நடந்து பாதம் சற்றே பருத்திருக்கும்போது, ஒரு தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் விரியுங்கள். பிள்ளை அதன்மேல் குதிகால் சுவரில் படும்படி முழு எடையோடு நிற்கட்டும். நீளமான விரலின் நுனியில் கோடிட்டு அளந்துகொள்ளுங்கள். இரு பாதங்களையும் அளவெடுத்து, எது நீளமோ அதையே கொள்ளவேண்டும். இந்திய எண், ஐரோப்பிய எண், அமெரிக்க எண் என்று காலணி எண்கள் பலவாறாக மாறுபடும். சென்டிமீட்டர் மாறாது. பெட்டியிலோ காலணியின் உள்ளேயோ குறிக்கப்பட்டுள்ள சென்டிமீட்டர் அளவோடு ஒப்பிட்டு வாங்குங்கள். கூடுமானால் பிள்ளையையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கடையில் ஒரே ஒரு மெல்லிய காலுறையோடு இரு காலிலும் அணிந்து, குதிகாலைப் பின்னே நன்றாகத் தட்டி அமர்த்திக் கட்டவேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்பக்கத்தை இலேசாகத் தொடலாம். முழங்காலை மடக்கியவுடன் அது சற்றுப் பின்வாங்கும். அதுவே சரியான அளவு. குதிகால் மேலெழும்பினால் பெரிது. விரல் மடங்கி வலித்தால் சிறிது. பிள்ளைகளுக்கு அரைச் சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல் இடம் விடலாகாது. கணுக்காலைச் சுற்றியுள்ள பகுதி உறுதியாக இருக்கவேண்டும். கையால் பக்கவாட்டில் அழுத்தினால் துணிபோல மடங்குமானால், அது காலைத் தாங்காது. அணிந்துகொண்டு கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நிற்கவும் நடக்கவும் செய்யுங்கள். கணுக்கால் உள்ளே சாய்கிறதா என்பதைப் பின்னால் நின்று பாருங்கள்.

பிள்ளை வளருமே என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. விசையை அழுத்தியோ திருகைச் சுழற்றியோ மூன்று நான்கு அளவுகள் வரை நீட்டிக்கொள்ளத்தக்க காலணிகள் பிள்ளைகளுக்கென்றே செய்யப்படுகின்றன. அவற்றையும் பிள்ளையின் இன்றைய அளவில் வைத்து, மேற்சொன்னபடி சோதித்தே வாங்கவேண்டும்.

அடுத்தது சக்கரம். விளையாட்டுப் பொருட்களோடு தொங்கவிடப்பட்டிருக்கும் சில மலிவான காலணிகளில் கடினப் பிளாஸ்டிக் சக்கரங்கள் உண்டு. அவை தரையைப் பற்றாமல் வழுக்கும். பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆன சக்கரமே ஏற்றது. நகத்தால் அழுத்தினால் இரப்பர் போலச் சற்று நெகிழ்வது தெரியும். சக்கரத்தின்மேல் "76 மி.மீ., 82ஏ" என்பது போல எழுதியிருப்பார்கள். முதல் எண் விட்டம். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு 70 முதல் 80 மில்லிமீட்டர் வரை போதும். பந்தய வீரர்கள் 100, 110 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பயன்படுத்துவர். பெரிய சக்கரம் வேகம் தரும், ஆனால் உயரமும் கூடுவதால் தொடக்கத்தில் தடுமாற்றமும் கூடும். இரண்டாம் எண் கடினத்தன்மை. எண் குறையக் குறையச் சக்கரம் மென்மையாகி, சொரசொரப்பான தரையின் அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். நம் ஊர்ச் சிமெண்டுத் தளங்களுக்கு 80, 82 பொருத்தமானவை. பேரிங்கின்மேல் உள்ள ஏபெக் எண் அதன் செய்நேர்த்தியை மட்டும் குறிப்பது. அந்த எண்ணைப் பார்த்து மயங்கி, தொடக்கக்காரர் கூடுதல் விலை கொடுக்கவேண்டியதில்லை. குதிகாலின் பின்னே தடைக்கட்டை இருக்கிறதா என்று மட்டும் தவறாமல் பாருங்கள். அது வழக்கமாக வலக்கால் காலணியில் இருக்கும்.

மூன்றாவது, நான் "பிறகு பார்க்கலாம்" என்று ஒதுக்கிய கவசங்கள். விழும் வாய்ப்பு மிகுந்த காலம் முதல் வாரமே. முதல் வாரத்துக்கு இல்லாத கவசம் எதற்கு உதவும்? விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. ஆகவே மணிக்கட்டே முதலில் அடிபடுகிறது. மணிக்கட்டுக் கவசம் அணியாதோர்க்கு அங்கே காயமுறும் வாய்ப்பு, அணிந்தோரைவிட ஏறத்தாழ பத்து மடங்கு என்று 1996-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. தலைக்கவசம், மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் கவசங்கள் ஆகிய நான்கின் விலையையும் சேர்த்தே காலணியின் விலையாகக் கணக்கிடுங்கள். பணம் போதாவிட்டால் இன்னும் இரண்டு மாதம் காத்திருந்து வாங்குங்கள்.

இங்கே ஒரு புனிதையை நினைவுகூர விரும்புகிறேன். ஹாலந்து நாட்டின் ஸ்கீடாம் ஊரில் 1380-இல் பிறந்தவர் புனித லிட்வினா. தமது பதினைந்தாம் வயதில், தோழியரோடு பனியில் சறுக்கும்போது மோதி விழுந்து விலா எலும்பு முறிந்தது. அந்நோயிலிருந்து அவர் மீளவேயில்லை. 1433-இல் இறக்கும்வரை படுக்கையிலேயே துன்பத்தைச் செபமாக்கி வாழ்ந்தார். 1890-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் திருத்தந்தை அவரது புனிதத்தை உறுதிசெய்தார். நோயுற்றோருக்கு மட்டுமன்றி, பனிச்சறுக்குவோருக்கும் அவரே பாதுகாவலி. விழுந்து எழாத ஒரு பெண்ணைச் சறுக்குவோரின் பாதுகாவலியாக மக்கள் போற்றுகிறார்கள். "விழுந்தாள், ஆகவே பெண்கள் இனிச் சறுக்கலாகாது" என்று யாரும் முடிவுகட்டவில்லை. விழுவோரோடு உடனிருந்து வேண்டுவதற்கு ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பினார்கள். அந்தத் தாயிடமும் பாட்டியிடமும் இதைச் சொன்னேன். பாட்டியார் நெடுநேரம் பேசாதிருந்து, "அந்தப் பொண்ணுக்கும் கைக்கு, காலுக்கு ஒண்ணும் கட்டிவிடல போல" என்றார். இறையியலில் நான் படிக்காத விளக்கம் அது. மறுக்கவும் முடியவில்லை.

பழகும் இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். காஞ்சிபுரம் – வந்தவாசி சாலையில் பேருந்தும் சரக்கு வண்டியும் கரும்பு ஏற்றிய டிராக்டரும் ஓடுகின்றன. அந்தச் சாலையோரத்தில் பிள்ளைகளை ஒருபோதும் விடாதீர்கள். கோவில் முற்றமோ, பள்ளித் தளமோ, அறுவடை இல்லாத நாட்களில் உரியவரின் இசைவு பெற்றுச் சிமெண்டு நெற்களமோ ஏற்றது. நெல் காயும் நாளில் களம் உழவருடையது, விளையாட்டுக்குரியதன்று. தொடங்குமுன் துடைப்பத்தால் நன்கு பெருக்குங்கள். ஒரு சிறு கல் சக்கரத்தின் முன் அகப்பட்டால் போதும், ஆள் விழ. ஈரத் தளத்திலும் சரிவிலும் தொடக்கக்காரர் இறங்கலாகாது.

முதல் நாள் புல்தரையில் நின்று பழகட்டும். சக்கரம் அங்கே உருளாது. பிறகு தளத்தில், குதிகால்களைச் சேர்த்து முன்பாதங்களை விரித்து, முழங்காலை மடக்கி, வாத்து நடப்பது போலச் சிறு அடிகள் வைக்கவேண்டும். பயம் வந்தால் உடல் தானாகவே பின்னே சாயும். அப்போதுதான் மல்லாந்து விழ நேர்கிறது. ஆதலால் கைகள் எப்போதும் முன்னே, கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். ஓடக் கற்குமுன் விழக் கற்கவேண்டும். விழப்போவது தெரிந்தவுடன் தாழ்ந்து குனிந்து, முதலில் முழங்கால் கவசம், பின் முழங்கைக் கவசம், கடைசியில் உள்ளங்கை என முன்பக்கமாக இறங்கவேண்டும். அதன்பின் நிற்கக் கற்கவேண்டும். தடைக்கட்டையுள்ள காலை முன்னே நீட்டி, விரற்பக்கத்தை உயர்த்தி, நாற்காலியில் அமர்வது போலத் தாழ்ந்தால் கட்டை தரையில் உராய்ந்து வேகம் குறையும். மெர்லின் அதைக் கற்றிருந்தால் கண்ணாடி பிழைத்திருக்கும்.

பெரியவர்களும் பழகலாம். ஆனால் இதய நோய், எலும்புத் தேய்வு, தலைசுற்றல் உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது. சக்கரங்களின் உட்பக்கமே விரைவில் தேயும். தேய்ந்தவற்றை இடம் மாற்றி, திருப்பிப் பொருத்தினால் நெடுநாள் வரும். மணலும் நீரும் பேரிங்குக்குப் பகை. நனைந்தால் உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

இனி, அந்தத் துணிப்பைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சிறுமியின் பாதம் 22 சென்டிமீட்டர். நான் வாங்கியது 23½. எட்டாம் வகுப்புப் படிக்கும் வேறொரு பெண்ணின் பாதத்தைத் தாளில் அளந்து பார்த்தோம். அச்செட்டாகப் பொருந்திற்று. அவள் தந்தை அதற்கு ஈடாகக் கொடுத்த தொகையோடு, தவறு செய்தவன் என்ற முறையில் என் பங்கையும் சேர்த்து, இச்சிறுமிக்கு நீட்டத்தக்க காலணி ஒன்றும் நான்கு கவசங்களும் வாங்கினோம். இம்முறை அவளையும் அவள் தாயையும் கடைக்கு அழைத்துச் சென்றேன். பத்து நிமிடம் அணிந்து நிற்கச் சொன்னவர் அந்தத் தாய்தான். பின்னால் குனிந்து குதிகாலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவரும் அவரே.

சிக்கனத்தை நான் கைவிடவில்லை. அதன் இடத்தை மாற்றிக்கொண்டேன். பிள்ளையின் கால் ஈராண்டில் வளர்ந்துவிடும். நன்றாகப் பேணிய காலணியோ ஈராண்டில் தேய்ந்துவிடாது. ஆகவே பங்கு இல்லத்து அலமாரியின் கீழ்த்தட்டு ஒன்றைக் காலிசெய்து வைத்திருக்கிறோம். அளவு கடந்துபோன காலணிகள் அங்கே வரும். அடுத்த பிள்ளை தன் பாத அளவுத் தாளோடு வந்து பொருந்துவதை எடுத்துச் செல்லும். ஒரு பிள்ளையின் நாளைய காலுக்காக இன்றைய காலை வருத்தவேண்டியதில்லை. நாளைக்கு வேறொருவர் தருவார். நாம் நம்முடையதை மற்றொருவருக்குத் தருவோம். ஒரு பங்கு என்பது இதற்காகவும் இருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன்.

பெற்றோரே, காலணியில் மட்டுமா நாம் இப்படிச் செய்கிறோம்? பத்து வயதுப் பிள்ளைக்குப் பதினாறு வயதின் பாடத்தைத் திணிக்கிறோம். அண்ணனுக்குப் பொருந்தியதைத் தம்பிக்கு மாட்டிவிடுகிறோம். தடுமாறி விழுந்தால், "உனக்கு வராது" என்கிறோம். பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. பிள்ளையை அதட்டுமுன் ஒருமுறை குனிந்து, நாம் மாட்டிவிட்டது அதன் காலுக்குப் பொருந்துகிறதா என்று தொட்டுப் பார்ப்போம்.

சென்ற வாரம் மாலைச் செபமாலைக்கு மணி அடிக்கப் புறப்பட்டபோது, முற்றத்தில் சக்கரம் உருளும் ஓசை கேட்டது. பாட்டியார் கையில் துடைப்பத்துடன் தளத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். சிறுமி ஒரு சுற்று வந்து, முழங்காலை மடக்கி, வலக்காலை நீட்டி, என் முன்னே அழகாக நின்றாள். "நின்னுட்டேன் சாமி!" என்றாள். நான் மணியை ஐந்து நிமிடம் தாமதித்தே அடித்தேன். அன்னை மரியா பொறுத்துக்கொண்டிருப்பார்.

இறைவன் உங்கள் இல்லங்களையும், உங்கள் பிள்ளைகளின் பாதங்களையும் ஆசீர்வதிப்பாராக.